அடிவயிற்று வலியும் ஊசி வைத்தியமும்
(தாய்மாருக்கான சுகாதாரப் பாடம்)



இந்தத் தடவைப் பாடம் கொஞ்சம் கூச்சமான விஷயத்தைப் பற்றியது. கூச்சப்பட்டுக் கொண்டே இருந்ததால்தான் நம்மில் பலர் வருஷக் கணக்காக வலியைச் சுமந்து கொண்டு மலை ஏறுகிறோம். ஆகவே இந்த ஒரு தடவை கூச்சத்தைப் பெரட்டுக் களத்திலேயே விட்டுவிட்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆண்களும் வாசிக்க வேண்டும். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை; மாசத்துக்கு ஒரு தடவையோ இரண்டு மாசத்துக்கு ஒரு தடவையோ வந்து போவார். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்த அக்கா என்னிடம் வந்து, "மிஸ், மலையில நிக்க முடியலைங்க. அடிவயிறு இழுத்துப் புடிக்குது. இடுப்பு விட்டுப் போவுது" என்றார். நான் என்ன செய்தேன்? கூடை சுமந்த வலியாக இருக்கும் என்று நினைத்து, இரண்டு பனடோல் கொடுத்து, கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளைப்படுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வலி போகவில்லை. அரைப்பேரோடு வீட்டுக்குத் திரும்பும் நாட்கள் கூடின. பிறகு யாரோ ஒருவர், டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஊசி வைத்தியர் வருகிறார், மருந்தே இல்லாமல் சுகப்படுத்துகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். தோட்டை அடகு வைத்துவிட்டுப் போனார். ஐந்து வாரம் ஊசி குத்தினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: வலி குறைந்தது. அக்கா சிரித்த முகத்தோடு மலைக்கு வந்தார். ஆறாவது வாரம் நடுச்சாமத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், வாந்தி. தோட்டத்து லொறியில் பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டு போனோம். குழாயில் சீழ் கட்டியிருந்தது. ஒரு பக்கக் குழாயை எடுக்க வேண்டி வந்தது.

அந்த ஐந்து வாரத்தில் வலி அடங்கியது, ஆனால் கிருமி வளர்ந்தது. இன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

1. இது என்ன நோய்?

பெண்ணின் அடிவயிற்றில், இடுப்பு எலும்புகளுக்கு நடுவில், கருப்பை இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் ஒவ்வொன்று. குழாய்களின் ஓரத்தில் சூலகங்கள். மாதம் ஒரு முட்டை சூலகத்தில் இருந்து வெளிவந்து அந்தக் குழாய் வழியாகத்தான் கருப்பைக்கு வருகிறது.

வெளியில் இருந்து கிருமி யோனி வழியாக ஏறி, கருப்பை வாசலைத் தாண்டி, கருப்பையையும் குழாய்களையும் பிடித்துக் கொண்டால் அங்கே வீக்கமும் புண்ணும் உண்டாகும். இதைத்தான் இடுப்புக்குழி அழற்சி என்கிறோம். டொக்டர்மார் சுருக்கமாக பி.ஐ.டி. என்பார்கள். கிளினிக் துண்டில் இந்த மூன்று எழுத்தைக் கண்டால் இதுதான் என்று விளங்கிக்கொள்ளலாம்.

கிருமி வருவதற்கு முக்கியமான வழிகள்:

(அ) உடலுறவினால் தொற்றும் கிருமிகள். கொனோரியா, கிளமிடியா என்பவை முக்கியமானவை. கிளமிடியா பிடித்த ஆணுக்கும் பெண்ணுக்கும் பல தடவைகளில் ஒரு குறியும் தெரியாது. ஆள் சுகமாகத்தான் இருப்பார்.

(ஆ) பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், கரு கலைந்த பிறகும் கருப்பை வாசல் திறந்திருக்கும் நேரம். சுத்தமில்லாத இடத்தில் களவாகக் கருக்கலைப்புச் செய்து கொண்டவர்களுக்கு ஆபத்து மிகவும் அதிகம். அப்படி ஏதும் நடந்திருந்தால் டொக்டரிடம் மறைக்கக் கூடாது. உயிர் காப்பதற்காகத்தான் அவர் கேட்கிறார்.

(இ) லூப் போட்ட முதல் மூன்று வாரங்களில் சிறிதளவு ஆபத்து உண்டு. அதற்குப் பிறகு லூப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை. "லூப்புதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று சொல்லித் தானாக இழுத்து எடுக்கப் பார்ப்பது பெரும் தவறு.

(ஈ) யோனியின் உள்ளே மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவது. சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். கீழே இருக்கும் கிருமியை இது மேலே தள்ளிவிடலாம். வெளியே சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும்.

கூடை சுமப்பதால் இந்த நோய் வராது. சூட்டினாலும் வராது. செய்வினையாலும் வராது. கூடையும் ஏற்றமும் இருக்கிற வலியைக் கூட்டும், அவ்வளவுதான். மலையில் கக்கூஸ் இல்லாமல் மணிக்கணக்காகச் சிறுநீரை அடக்கிக் கொண்டிருப்பதால் சிறுநீர்ப் பையில் கிருமி பிடிக்கலாம். அதுவும் அடிவயிற்றில்தான் வலிக்கும். எது எது என்று சோதித்துப் பார்க்காமல் நாமாகத் தீர்மானிக்க முடியாது.

2. குறிகள்

அடிவயிற்றில் இரண்டு பக்கமும் மந்தமான வலி. வெள்ளைப்படுதல் கூடுதல், அல்லது நிறமும் வாடையும் மாறுதல். மாதவிலக்குக்கு இடையில் இரத்தம் படுதல். கணவனோடு சேரும்போது உள்ளே வலி. சிறுநீர் போகும்போது எரிச்சல். சில பேருக்குக் காய்ச்சல்.

எல்லாக் குறிகளும் எல்லோருக்கும் இருக்காது. சிலருக்கு இலேசான இடுப்பு வலி மட்டும்தான் இருக்கும். "பொம்பளைக்கு இதெல்லாம் சகஜந்தானே" என்று விட்டுவிடுவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

3. தாமதித்தால் என்ன நடக்கும்?

சுவீடன் நாட்டில் லுண்ட் என்னும் நகரத்தில் இந்த நோய் வந்த பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, 1992 இல் விபரத்தை வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்து, நோய் இருப்பதை உறுதி செய்துகொண்டு செய்த ஆய்வு அது. அதில் கண்டது என்னவென்றால், ஒரு தடவை நோய் வந்த 100 பெண்களில் சுமார் 8 பேருக்குக் குழாய் அடைத்து, பிள்ளை தங்காமல் போனது. இரண்டு தடவை வந்தவர்களில் 100 க்கு சுமார் 20 பேர். மூன்று தடவை அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் 100 க்கு 40 பேர். ஒவ்வொரு தடவையும் ஆபத்து இரட்டிப்பாகிக் கொண்டே போகிறது.

அதே பெண்களின் விபரத்தை வைத்து 1993 இல் இன்னொரு கணக்கும் வந்தது. வலி தொடங்கி மூன்று நாட்களுக்குள் வைத்தியரிடம் வந்தவர்களைவிட, அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு மலட்டுத்தன்மையோ குழாயில் கரு தங்குவதோ நேரும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. நாள் கணக்கில் இந்த வித்தியாசம்! நாம் வருஷக் கணக்கில் இருக்கிறோம்.

குழாயில் கரு தங்குவது உயிருக்கே ஆபத்து. குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகும். மாசம் தள்ளிப் போயிருக்கும்போது ஒரு பக்கம் திடீரென்று கடுமையாக வலித்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, விடியும் வரை பார்த்துக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மற்றது, தீராத வலி. கிருமி செத்த பிறகும் சுமார் மூன்றில் ஒரு பெண்ணுக்கு அடிவயிற்று வலி மாதக் கணக்கில் தொடர்கிறது. வெட்டுக் காயம் ஆறினாலும் தழும்பு இருக்கிறதல்லவா? அதுபோல உள்ளே குழாயும் குடலும் தழும்பினால் ஒட்டிக்கொள்ளும். நரம்புகளும் வலிக்குப் பழகி, சின்ன அசைவுக்கும் கத்தத் தொடங்கும். பழைய இடுப்புக்குழி அழற்சி என்று சொல்லப்படுவதில் இந்த நிலைதான் பெரும்பாலும் இருக்கிறது. ஊசி வைத்தியம் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வருகிறது.

4. ஊசி வைத்தியம் எங்கிருந்து வந்தது?

அக்குபங்சர் என்பது சீனாவில் 2000 வருஷங்களுக்கு மேலாக இருந்துவரும் வைத்தியம். மயிர் போன்ற மெல்லிய ஊசிகளை உடம்பில் குறிப்பிட்ட இடங்களில் குத்தி, சுமார் 20 அல்லது 30 நிமிடம் வைத்திருப்பார்கள். ஊசிக்குள் மருந்து ஏதும் இல்லை. உடம்பில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் இருக்கின்றன, அவை அடைபட்டால் நோய், ஊசி குத்தினால் பாதை திறக்கும் என்பது பழைய சீனரின் விளக்கம். அடிவயிற்று நோய்க்குத் தொப்புளுக்கு நாலு விரல் கீழேயும், கணுக்காலின் உட்புறத்தில் நாலு விரல் மேலேயும், முழங்காலுக்குக் கீழேயும் குத்துவது வழக்கம்.

நம் பக்கத்து நாட்டுக்கு இதைக் கொண்டு வந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த டொக்டர் பி. கே. பாசு. 1938 இல் யுத்தத்தில் அடிபட்ட சீன மக்களுக்கு உதவப் போன இந்திய மருத்துவக் குழுவில், பெயர் பெற்ற டொக்டர் கோட்னிஸுடன் சென்றவர் இவர். 1950 களின் கடைசியில் மறுபடி சீனா போய் இதைக் கற்றுத் திரும்பினார். நமது இலங்கையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய இதைப் பரப்பினார். மேல்நாட்டு வைத்தியம் படித்த அவர், களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் ஊசி வைத்திய கிளினிக் நடத்தினார். வெளிநாட்டு வைத்தியர்கள் பலர் அங்கே வந்து பயின்றார்கள். 2005 இல் அவர் காலமானார். ஆகவே இது நேற்று முளைத்த ஏமாற்று வேலை என்று தள்ளிவிடவும் முடியாது.

உலகத்தின் கண்ணை இந்த வைத்தியத்தின் பக்கம் திருப்பியது 1971 ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம். அமெரிக்காவின் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையைச் சேர்ந்த ஜேம்ஸ் ரெஸ்டன் என்பவர் அந்த வருஷம் ஜூலையில் பீக்கிங் போனார். அங்கே அவருக்குக் குடல்வால் அழற்சி வந்துவிட்டது. சீன டொக்டர்மார் வழக்கம்போல மரத்துப்போகும் மருந்து போட்டு, வயிற்றைக் கீறிக் குடல்வாலை எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் இரவு வயிறு ஊதி வேதனைப்பட்டபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வேதனை குறைந்தது என்று அவர் தமது பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பிறகுதான் மேல்நாடுகளில் இந்த வைத்தியம் பிரபலமானது.

இந்தக் கதையை மறுபடி நிதானமாகப் பாருங்கள். "ஊசி குத்தியே ஆபரேஷன் செய்தார்கள்" என்று பலர் மாற்றிச் சொல்லுவார்கள். நடந்தது அதுவல்ல. நோயுள்ள உறுப்பைக் கத்திதான் எடுத்தது. மிச்சமிருந்த வேதனையை ஊசி தணித்தது. குடல்வாலை அப்படியே விட்டுவிட்டு ஊசியை மட்டும் குத்தியிருந்தால் அந்த மனிதர் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரா என்பது சந்தேகம். சீன டொக்டர்மாருக்கே எதை எப்போது செய்ய வேண்டும் என்ற முறை இருந்தது.

5. ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது?

ஊசி குத்தும்போது நரம்பு தூண்டப்படுகிறது. அப்போது மூளையும் முள்ளந்தண்டும் வலியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. உடம்பே தயாரிக்கும் வலிமருந்து என்று வைத்துக் கொள்ளலாம். 1970 களில் இருந்து இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்து வருகிறது. வைத்தியர் பக்கத்தில் இருந்து கவனிப்பதும், நிம்மதியாகப் படுத்திருப்பதும், சுகமாகும் என்ற நம்பிக்கையும் கூட வலியைக் குறைக்கும். சில ஆய்வுகளில் பொய்யாக ஊசி குத்தியவர்களுக்கும் கொஞ்சம் சுகம் கிடைத்திருக்கிறது.

பழைய இடுப்புக்குழி அழற்சிக்கு இந்த ஊசியைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் பெரும்பாலும் சீனாவில் இருப்பவர்கள். வலி குறைந்தது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அநேகமானவை சிறிய ஆய்வுகள். யாருக்கு உண்மை ஊசி, யாருக்குப் பொய் ஊசி என்று மறைத்து வைத்துச் செய்தவை குறைவு. ஆகவே வலிக்கு உதவக்கூடும் என்ற அளவில்தான் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யாதவற்றை நன்றாக நினைவில் வையுங்கள். ஊசி கொனோரியாக் கிருமியைக் கொல்லும், கிளமிடியாக் கிருமியைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டிய சீழை அது கரைக்காது. கணவனிடம் இருக்கும் கிருமியை மனைவிக்குக் குத்தும் ஊசி ஒன்றும் செய்யாது.

6. கிருமிக்கு மருந்து எது?

அன்டிபயோட்டிக் மருந்துகள்தான். பல கிருமிகள் சேர்ந்து இருப்பதால் ஒரு ஊசிமருந்தும், இரண்டு வகை மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். சாதாரணமாக 14 நாள் விழுங்க வேண்டும். சில நாட்களிலேயே வலி குறைந்துவிடலாம். "சுகமாயிருச்சே, மிச்சத்தைக் கொழுந்தனுக்குப் பல்லு வலிக்கு வச்சுக்கலாம்" என்று நிறுத்தினால், அரைகுறையாகச் செத்த கிருமி மறுபடி தலைதூக்கும். 14 நாள் என்றால் 14 நாள்.

வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்றால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், முதலிலேயே டொக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை மாறும். மருந்து குடிக்கிற நாட்களில் சாராயம், கள்ளு வேண்டாம் என்று டொக்டர்மார் சொல்வது வழக்கம். மருந்து தொடங்கி மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் திரும்பப் போக வேண்டும். லூப் இருந்தாலும் மருந்துக்குக் குணம் தெரிந்தால் பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லை; அதை டொக்டர் பார்த்துச் சொல்லுவார்.

7. கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

ஐயாமார்களே, தம்பிமார்களே, உங்களையும் வாசிக்கச் சொன்னது இதற்காகத்தான். மனைவிக்கு இந்த நோய் என்று டொக்டர் சொன்னால் உங்களையும் வரச் சொல்லுவார். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. உங்களுக்குக் குறி இல்லாமலே கிருமி இருக்கலாம். அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால், நீங்கள் அடுத்த தடவை லீவில் வரும்போது கிருமியும் கூட வரும். ஓட்டைப் பீலியை அடைக்காமல் வாசலைத் துடைத்துக் கொண்டிருப்பது போலத்தான் அது. இருவரும் மருந்து முடிக்கும் வரை சேராமல் இருக்க வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது என்று லயம் முழுக்கக் கேட்கச் சண்டை போடுவதால் யாருக்கும் லாபமில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் இந்த நோய் வரும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். "நீ எவனோட போனே" என்று அடிக்கும் பயத்தினால்தான் பெண்கள் மறைக்கிறார்கள். மறைப்பதால் குழாய் போகிறது, உயிரும் போகலாம்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்களுக்கான கிளினிக் இருக்கிறது. காசு இல்லை. அங்கே சொல்வது இரகசியமாக இருக்கும். தோட்டத்துக்கோ சங்கத்துக்கோ கடிதம் வராது. ஆணும் பெண்ணும் போகலாம்.

8. அப்படியானால் ஊசி வைத்தியத்துக்குப் போகலாமா?

போகலாம், முறையோடு.

முதலாவது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். குடல்வால், சூலகக் கட்டி, சிறுநீர்க் கிருமி, குழாயில் தங்கிய கரு, கருப்பைக் குழாயைப் பிடிக்கும் சயரோகம் எல்லாம் அடிவயிற்றில்தான் வலிக்கும். காரணம் தெரியாமல் வலியை மட்டும் அடக்குவது, புகை வரும் வீட்டின் யன்னலைச் சாத்துவது போல.

இரண்டாவது, கிருமி இருந்தால் மருந்தை முழுதாக முடிக்க வேண்டும். கணவனும் முடிக்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பச் சோதித்து, இனிக் கிருமி இல்லை, இது தழும்பினால் வரும் வலி என்று டொக்டர் சொன்ன பிறகு, அவரிடமே கேட்டுக்கொண்டு ஊசிக்குப் போகலாம். அந்த நிலையில் அன்டிபயோட்டிக்கை மேலும் மேலும் விழுங்குவதாலும் பயனில்லை.

ஊசி வைத்தியரிடம் போனால் பார்க்க வேண்டியவை:

- அரசாங்கப் பதிவு உள்ள வைத்தியரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை.
- உங்கள் கண் முன்னால் புதிய பக்கற்றைக் கிழித்து ஊசி எடுக்க வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சிக் கிருமி பரவும். வெளிநாடுகளில் அப்படிப் பரவியதும் உண்டு.
- கர்ப்பமாக இருந்தால் சொல்ல வேண்டும். அடிவயிற்றிலும் உள் கணுக்காலிலும் கர்ப்பிணிக்குக் குத்தக் கூடாது என்பது சீனரின் பழைய முறையிலேயே இருக்கிறது.
- "ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்து" என்று சொல்பவரிடம் திரும்பிப் போக வேண்டாம்.
- மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு காசு என்று முதலிலேயே கேளுங்கள். ஐந்தாறு தடவையில் ஒரு குணமும் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். தோடு அடகில் போனதுதான் மிச்சமாகும்.

காய்ச்சல், வாந்தி, கடுமையான வலி, மயக்கம், மாசம் தள்ளிப் போனது, இரத்தப் போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசிக்குப் போகும் நேரம் அதுவல்ல. நேராக ஆஸ்பத்திரி.

9. எங்கே தொடங்குவது?

மிட்வைப் அம்மாவிடம் தொடங்குங்கள். வீட்டுக்கு வரும்போதோ பிள்ளை நிறுக்கும் கிளினிக்கிலோ "அம்மா, உங்களோட தனியா ஒரு வார்த்தை பேசணும்" என்று சொன்னால் போதும். தோட்ட டிஸ்பென்சரியில் ஆண் இருக்கிறார் என்று கூச்சப்பட்டால், மடுல்சீமை ஆஸ்பத்திரிக்கோ பசறைக்கோ அவர் துண்டு எழுதித் தரும்படி கேட்கலாம். 35 வயதானவர்களுக்கு 1996 முதல் நாட்டில் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. கருப்பை வாசலைச் சோதிக்கும் அந்த நாளில் இந்த வலியைப் பற்றியும் சொல்லலாம்.

ஒரு பேர் போகுமே என்று யோசிக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த அக்காவின் கணக்கைப் பாருங்கள். ஒருநாள் கிளினிக்குக்குப் போகாமல் காப்பாற்றிய பேர் ஒன்று. பிறகு இழந்தது அரைப்பேராகப் போன நாட்கள், ஐந்து ஞாயிறு ஊசிக் காசும் பஸ் காசும், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் இருந்த வாரங்கள், ஒரு தோடு, ஒரு குழாய்.

அந்த அக்கா சுகமாகி வந்தார். கணவரும் கொழும்பில் இருந்து வந்து மருந்து எடுத்தார். முதலில் கோபப்பட்டவர்தான், டொக்டர் பேசிய பிறகு தலையைக் குனிந்து கொண்டு மாத்திரையை வாங்கிக்கொண்டார். கிருமி போன பிறகும் அக்காவுக்கு விட்டு விட்டு ஒரு இழுவை வலி இருந்தது. டொக்டரிடம் கேட்டு, புது ஊசி பாவிக்கும் வேறொரு வைத்தியரிடம் சில தடவை போனார். வலி குறைந்து, முழுப் பேருக்கு மலைக்கு வரத் தொடங்கினார். ஊசியாலா, நாட்போக்கிலா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர் சொன்னது இதுதான்: "ஊசி பொய்யில்லைங்க மிஸ். மொத தடவை நான் போன நேரந்தான் பிழை."

நான் அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது யார் வலி என்று வந்தாலும் கேட்கிறேன். வெள்ளைப்படுகிறதா அக்கா, காய்ச்சல் இருக்கிறதா, மாசம் சரியாக வருகிறதா என்று. கூச்சம் எனக்கும் உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நினைவில் வைக்க

வலி வேறு, கிருமி வேறு.
கிருமிக்கு மருந்து, இருவருக்கும், 14 நாளும்.
மிஞ்சிய வலிக்கு விரும்பினால் ஊசி, டொக்டரைக் கேட்டு, புது ஊசியால்.
மூன்று நாளுக்கு மேல் அடிவயிற்று வலியைச் சுமக்க வேண்டாம்.

தாய்மார் கூட்டத்தில் பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. நமது டிவிஷனில் அடிவயிற்று வலி என்றால் முதலில் யாரிடம் போகிறார்கள்? ஏன்?
2. ஜேம்ஸ் ரெஸ்டன் கதையில் நோயைத் தீர்த்தது எது? வேதனையைத் தணித்தது எது?
3. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் நோய் ஏன் திரும்பி வருகிறது?
4. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன நடக்கும்?
5. கிளினிக் நாளில் ஒருவர் போனால் அவர் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? லயத்தில் ஒரு முறை ஏற்படுத்த முடியுமா?

ஐந்தாவது கேள்விக்கு உங்கள் விடையை எழுதி, பிள்ளை மடுவத்தில் கொடுத்துவிடுங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னாலும் போதும். அடுத்த கூட்டத்தில் அதைச் செய்து பார்ப்போம்.

உங்கள்,
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்
மடுல்சீமை